சீனர் கல்யாணத்தைப் படம் எடுப்பது எப்படி? தேநீர்ச் சடங்கு முதல் இரவு விருந்து வரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கல்யாணப் படம் எடுக்கும் தமிழர்களுக்குச் சீனக் குடும்பங்களிலிருந்தும் அழைப்பு வருவது உண்டு. கோயில் கல்யாணமும் மண்டபக் கல்யாணமும் எடுத்துப் பழகியவர்களுக்கு லென்ஸோ வெளிச்சமோ பெரிய சிக்கலாக இருக்காது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் சிக்கல். நம் கல்யாணத்தில் கெட்டிமேளம் எழுந்தால் தாலி ஏறப்போகிறது என்று கை தானாகக் கேமராவைத் தூக்கும். மணமக்கள் வீட்டுப் பெரியவர்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்துத் தேநீர் தரும் தேநீர்ச் சடங்கில் அப்படி முன்கூட்டியே சொல்ல யாரும் இல்லை. ஒரு கிண்ணம் கைமாறும், ஒரு மிடறு குடிப்பார்கள், ஒரு சிவப்பு உறை தட்டில் விழும். அவ்வளவுதான், அடுத்த ஜோடி வந்து உட்கார்ந்துவிடும்.

அந்தக் குடும்பத்தின் உறவுமுறையைத் தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது என்பேன். யாருக்குப் பின் யார் உட்காருவார், மணமகளுக்கு அவர் என்ன முறை, மணமகளை வளர்த்த அத்தை யார், வெளியூரிலிருந்து வந்திருக்கும் தாய்மாமா யார் என்று தெரிந்தவருக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மீதியெல்லாம் கேமராவைப் பிடிக்கத் தெரிந்தவர் சமாளித்துவிடக்கூடிய விஷயம்.

1. ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து பேசுங்கள்

மணமக்களிடம் தேநீர்ச் சடங்குக்கான பெயர்ப் பட்டியலைக் கேளுங்கள். பெரும்பாலான குடும்பங்களில் யாராவது ஒரு சித்தியோ அக்காவோ அதை ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார். பெற்றோர், தாத்தா பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, பிறகு அம்மா வழியில் மாமா, பெரியம்மா, சித்தி என்று வரிசை போகும். தாத்தா பாட்டிக்கு முதலிடமா, பெற்றோருக்கு முதலிடமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஹொக்கியன், காண்டனீஸ், தியோச்சியூ, ஹக்கா என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. அதற்குள்ளும் ஊருக்கு ஊர் வேறுபடும். அதனால் போன கல்யாணத்தில் பார்த்ததை வைத்து இந்தக் கல்யாணத்தை முடிவு செய்யாதீர்கள்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று விஷயங்களைத் தனியாகக் கேட்டுவிடுங்கள். பெற்றோரில் யாராவது காலமாகிவிட்டார்களா? பிரிந்து வாழ்கிறார்களா? அப்படியானால் யார் பக்கத்தில் யார் உட்காருவார்? உடம்பு முடியாமல் சக்கர நாற்காலியில் வருபவர் உண்டா? மூன்றையும் கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் கேட்க முடியாது.

எத்தனை ஜோடி என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு ஜோடிக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால்கூட இருபது ஜோடிக்கு நாற்பது நிமிடம். பெரிய குடும்பத்தில் இரண்டு வீட்டிலும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆகலாம். மணமக்கள் போட்டுத் தரும் நேர அட்டவணையில் பெரும்பாலும் இதற்கு அரை மணிதான் இருக்கும். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

2. அன்றைய நாள் எப்படிப் போகும்

தொழிலில் கல்யாண நாளை ‘ஏடி’ (actual day) என்பார்கள். விடியற்காலையில் ஆரம்பித்து இரவு பதினொரு மணிவரை நீளும். முதல் நாள் இரவே அவரவர் வீட்டில் தலைவாரும் சடங்கு இருக்கும். நான்கு முறை சீப்பால் வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் ஒரு வாழ்த்து சொல்வார்கள். அதை எடுக்கச் சொல்லி அழைத்தால் கட்டாயம் போங்கள். அறைக்குள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், சத்தம் இருக்காது. மறுநாள் முழுக்க அப்படி ஓர் அமைதி கிடைக்காது.

காலையில் மணமகன் தோழர்களோடு பெண் வீட்டுக்குப் போவார். வாசலில் தோழிகள் மறிப்பார்கள். பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீடு, அங்கே தேநீர்ச் சடங்கு, பிறகு மறுபடி பெண் வீடு, அங்கே அவர்கள் பக்கத்துத் தேநீர். இதுதான் பழைய ஒழுங்கு. இப்போது தூரத்தையும் நேரத்தையும் பார்த்து, அழைக்கப் போகும்போதே பெண் வீட்டுத் தேநீரை முடித்துவிடுவதும் உண்டு. இரவு மண்டபத்திலோ ஓட்டலிலோ விருந்து.

நல்ல நாள் பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பார்கள். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தைப் பெரும்பாலோர் தவிர்ப்பார்கள், அது ஆவிகளுக்கு உரிய மாதம். மற்ற மாதங்களில் ஒரே நல்ல நாளில் பல கல்யாணங்கள் விழும். இரண்டாவது கேமராக்காரரை முன்னாடியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தனியாளாக இந்த நாளை எடுக்க நான் யாருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

3. பையும் உடையும்

இரண்டு கேமரா உடல், இரண்டிலும் இரட்டை கார்டு. 24-70 மிமீ, 70-200 மிமீ, வீட்டுக்குள் நெருக்கமாக எடுக்க ஒரு 35 மிமீ. இரண்டு ஃபிளாஷ். இரண்டு பேர் எடுப்பதாக இருந்தால் காலையிலேயே எல்லாக் கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நொடிக்குச் சரி செய்யுங்கள். பின்னால் ஆயிரக்கணக்கான படங்களை வரிசைப்படுத்தும்போது அதன் அருமை தெரியும்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸில் பனி படியும். துடைத்தாலும் திரும்பத் திரும்பப் படியும். பெண் அலங்காரம் நடக்கும் அறையில் ஏசி ஓடினால், அடுத்து எடுக்கப்போகும் கேமராவைப் பைக்குள் மூடி அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

உடையில் கறுப்பு வேண்டாம். கேமராக்காரர்களுக்குக் கறுப்புச் சட்டை ஒரு சீருடை மாதிரி ஆகிவிட்டது, ஆனால் மங்கல நாளில் கறுப்பைப் பார்த்து முகம் சுளிக்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். கருநீலமோ சாம்பலோ போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, மணமக்களின் அறையில் புதிதாகச் சிவப்பு விரிப்புப் போட்ட கட்டில் இருக்கும். அதற்கென்று நல்ல நேரம் பார்த்து மூத்தவர் ஒருவர் விரித்திருப்பார். அதன் மேல் பையை வைக்காதீர்கள், உட்காராதீர்கள். மோதிரத்தையும் செருப்பையும் அதன் மேல் வைத்து எடுக்க ஆசை வரும், முதலில் அம்மாவைக் கேட்டுவிடுங்கள்.

4. வாசல் விளையாட்டு

தோழர்களை ஹெங் டாய் என்றும் தோழிகளை ஜீ முய் என்றும் சொல்வார்கள். புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் நான்கையும் தோழர்கள் தின்று காட்ட வேண்டும். எலுமிச்சை, பாகற்காய், மிளகாய் எல்லாம் தட்டில் வரும். பிறகு பாட்டு, தண்டால், கேள்வி பதில், கடைசியில் அங்பாவ் (பணம் வைத்த சிவப்பு உறை) பேரம். எட்டும் ஒன்பதும் வரும் தொகைதான் கேட்பார்கள், நான்கு வரவே வராது.

இதில் படம் எடுப்பது எளிது, எல்லாரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் மாப்பிள்ளையோடு வெளியே, ஒருவர் பெண்ணோடு உள்ளே. மிளகாயைக் கடிப்பவரைவிட அவரைப் பார்த்துச் சிரிப்பவர்களிடம்தான் நல்ல முகங்கள் கிடைக்கும். கதவு திறக்கும் நேரத்தில் உள்ளே இருப்பவர் பெண்ணின் முகத்தையும் வாசலையும் ஒரே சட்டத்தில் பார்க்கக்கூடிய மூலையைப் பிடித்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்குப் பின்னாலேயே பத்துப் பேர் கைபேசியோடு நுழைவார்கள், அதற்குமேல் நகர இடமிருக்காது.

பெண் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் தலைக்கு மேல் சிவப்புக் குடை விரிப்பார்கள். வாசல் வெயில் குடைத் துணி வழியாக இறங்கி முகத்தைச் செக்கச்செவேல் என்று ஆக்கும். கொஞ்சம் அழகுதான், ஆனால் எல்லாப் படமும் அப்படி இருக்கக்கூடாது. குடைக்கு வெளியே பக்கவாட்டில் நின்று, வெளி வெளிச்சம் முகத்தில் படும் கோணத்திலும் சில எடுத்துவிடுங்கள்.

5. தேநீர்ச் சடங்கு: நாற்காலியை எங்கே போடுவது

மலேசியாவின் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகள் பெரும்பாலும் நீளமாக, குறுகலாக இருக்கும். வெளிச்சம் முன்வாசலிலிருந்து மட்டும்தான் வரும். பெரியவர்களின் இரண்டு நாற்காலிகளையும் பக்கச் சுவரை ஒட்டிப் போடச் சொல்லுங்கள். மணமக்கள் எதிரே மண்டியிடுவார்கள். அப்போது வாசல் வெளிச்சம் இரண்டு பக்கத்து முகங்களிலும் பக்கவாட்டில் விழும். நீங்கள் வாசல் பக்கமாக நின்றால் வெளிச்சம் உங்கள் முதுகிலிருந்து போய் அவர்கள் முகத்தில் படும். வீட்டின் உள்பக்கம் நின்றால் எல்லாரும் நிழலுருவாகிவிடுவார்கள். நாற்காலியை வாசலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தால் சடங்கு தொடங்கும் முன்பே நகர்த்திவிடுங்கள். முதல் ஜோடி உட்கார்ந்த பிறகு அதைச் செய்ய முடியாது.

நகர்த்தும்போது வீட்டுப் பெரியவரிடமோ, டாய் கம் ச்சே வந்திருந்தால் அவரிடமோ கேட்டுச் செய்யுங்கள். சடங்கை நடத்திவைக்கும் மூத்த பெண்மணி அவர். தேநீர் ஊற்றுவதும், யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று பெண்ணின் காதில் சொல்வதும், ஒவ்வொருவருக்கும் வாழ்த்து மழை பொழிவதும் அவர் வேலை. அவரிடம் சடங்குக்கு முன் இரண்டு நிமிடம் பேசி, கிண்ணம் கைமாறும்போது ஒரு நொடி கூடுதலாக நிறுத்தினால் உதவியாக இருக்கும் என்று சொல்லி வையுங்கள். அனுபவமுள்ளவர் உங்கள் கண்ணைப் பார்த்தே வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். பிடிவாதமாக நம் வழியில் போகப் பார்த்தால் அவர் கை எல்லாப் படத்திலும் வந்து நிற்கும்.

முதன்மைக் கேமரா வாசல் பக்கத்தில், மணமக்களின் கண் மட்டத்துக்குக் குனிந்து. நின்றபடி எடுத்தால் பெரியவர்களின் முகம் சரியாக வரும், மண்டியிட்டவர்களின் உச்சந்தலைதான் வரும். இரண்டாம் கேமரா மணமக்களின் தோளுக்குப் பின்னால், பெரியவர்களின் முகத்தை நேராகப் பார்த்தபடி. அப்பர்ச்சர் எஃப் 4 அளவில் வையுங்கள். எஃப் 1.8 வைத்தால் கிண்ணம் தெளிவாக, குடிக்கும் பாட்டி மங்கலாகப் போய்விடுவார். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ், பக்கத்தில் குனிந்திருக்கும் டாய் கம் ச்சேயின் கண்ணைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிக்கொண்டால் நிம்மதி.

டியூப் லைட் எரியும் வீட்டில் ஷட்டரைக் கவனிக்க வேண்டும். மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100 வைத்தால் துடிப்பு தெரியாது. அதைவிட வேகமாக எடுத்தால் படத்துக்குப் படம் வெளிச்சமும் நிறமும் மாறும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் கோடு கோடாகவும் விழும். இந்தச் சடங்கில் அசைவு மெதுவானது, 1/100 போதும். வேகம் வேண்டுமென்றால் ஃபிளிக்கர் தடுக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு மெக்கானிக்கல் ஷட்டரில் எடுங்கள்.

6. சிவப்பை அடக்குவது

மணமகளின் குவா உடை முழுச் சிவப்பு. மேலே பொன், வெள்ளி இழையில் டிராகனும் ஃபீனிக்ஸும். சுவரில் சிவப்பு இரட்டை மகிழ்ச்சி எழுத்து, மேசையில் சிவப்புத் துணி, தரையில் சிவப்பு மெத்தை. கேமரா காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராமில் எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் சிவப்பு மட்டும் தனியாக எரிந்து, துணியின் மடிப்பும் இழையும் மறைந்து ஒரே வண்ணத் திட்டாகிவிடும். மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் அரை ஸ்டாப் குறைத்து, ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

ஃபிளாஷை எங்கே திருப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்பினால் நல்லது. கூரையில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் அந்த நிறம் முகத்துக்கு இறங்கும், பெரியவர்கள் காய்ச்சல் வந்தவர்கள் போல இருப்பார்கள். வீட்டு முன் பந்தலுக்கும் இதே பாடு. நீலப் பந்தல் என்றால் இன்னும் மோசம். அங்கே நடந்தால் ஃபிளாஷைப் பக்கவாட்டில் ஒரு வெள்ளைச் சுவரைத் தேடித் திருப்புங்கள், அல்லது சின்ன சாஃப்ட்பாக்ஸ் ஒன்றை உதவியாளர் கையில் கொடுங்கள்.

7. ஒவ்வொரு ஜோடிக்கும் என்ன நடக்கும்

தேநீரில் சிவப்புப் பேரீச்சையும் தாமரை விதையும் காய்ந்த லோங்கான் பழமும் மிதக்கும். சீக்கிரமே பிள்ளைச் செல்வம் வரட்டும் என்ற வேண்டுதல் அதில் இருக்கிறது. கிண்ணத்தில் ஊற்றுவதற்கு முன் நெருக்கத்தில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், பிறகு நேரம் கிடைக்காது.

ஜோடி உட்காரும். மணமக்கள் முறை சொல்லிக் கூப்பிட்டு, இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டுவார்கள். பெரியவர் வாங்கி ஒரு மிடறு குடிப்பார். கிண்ணம் திரும்பும். அங்பாவ் வரும். சிலர் நகை போடுவார்கள். கடைசியில் நாலு வார்த்தை வாழ்த்து.

கிண்ணம் நீட்டும் படம் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்கும். இருபது ஜோடிக்கும் அதையே எடுத்தால் ஆல்பம் புரட்டுபவருக்குச் சலிப்புத் தட்டும். ஆனாலும் எல்லாருக்கும் அது ஒன்று வேண்டும், ஒவ்வொரு குடும்பமும் தங்கள் படத்தைத் தேடும். எனவே அந்தப் படத்தைக் கணக்காக ஒன்றிரண்டு எடுத்துவிட்டு, கவனத்தை முன்னும் பின்னும் வையுங்கள். முறை சொல்லிக் கூப்பிடும் நொடியில் பெரியவரின் முகத்தில் ஒரு மாற்றம் வரும். குறிப்பாக மருமகள் முதல்முறையாக மாமியாரை ‘அம்மா’ என்று கூப்பிடும்போது. குடும்பமே கைதட்டிச் சிரிக்கும், மாமியார் வெட்கப்படுவார். இரண்டாம் கேமரா அந்த நேரத்தில் அவர் முகத்தை விட்டு நகரவே கூடாது.

நகை போடும் நேரத்துக்குத்தான் நான் அதிகம் தயாராக இருப்பேன். தியோச்சியூ குடும்பங்களில் மாப்பிள்ளையின் அம்மா மருமகளுக்கு நான்கு தங்க நகைகள் தருவது வழக்கம், மற்றவர்களிடமும் சங்கிலி, வளையல் உண்டு. சங்கிலியின் கொக்கி சட்டென்று மாட்டாது. அத்தையின் விரல் நடுங்கும், மணமகள் தலையைக் குனிந்து காத்திருப்பாள், மாப்பிள்ளை உதவ எட்டிப் பார்ப்பார், பின்னால் யாரோ மூக்குக் கண்ணாடியை நீட்டுவார். பத்து இருபது நொடிக்கு நான்கு பேரும் ஒரே வேலையில் மூழ்கி, கேமராவை மறந்திருப்பார்கள். நகைப் பெட்டி வெளியே வந்ததும் மணமகளின் பின்பக்கம் ஓரமாக நகர்ந்துவிடுங்கள். கொக்கியைப் பார்க்கும் அந்த அம்மாவின் முகமும் குனிந்த கழுத்தும் ஒரே சட்டத்தில் வரும். 35 மிமீ போதும். மாட்டி முடித்ததும் மணமகள் நிமிர்ந்து அவரைப் பார்ப்பாள், அதையும் விடாதீர்கள்.

அங்பாவ் உறையை எடுங்கள், உள்ளே இருப்பதை எடுக்காதீர்கள். ஓரத்தில் ஒருவர் யார் எவ்வளவு தந்தார் என்று குறித்துக்கொண்டிருப்பார், அந்த நோட்டு எந்தப் படத்தின் பின்னணியிலும் வரக்கூடாது.

குடும்பப் பலிபீடம் இருக்கும் வீட்டில் முன்னோர்களுக்கு ஊதுபத்தி ஏற்றி வணங்குவார்கள். காலமான அப்பாவின் படம் அங்கேதான் இருக்கும். அந்தப் படத்தையும் வணங்கும் பிள்ளையையும் சேர்த்து, ஃபிளாஷ் இல்லாமல், தள்ளி நின்று 70-200 கொண்டு எடுங்கள். அங்கே எதையும் திரும்பச் செய்யச் சொல்லக்கூடாது.

பெரியவர்கள் முடிந்ததும் எல்லாம் தலைகீழாகும். மணமக்கள் நாற்காலியில் உட்கார, தம்பி தங்கைகளும் சின்ன வயது உறவுப் பிள்ளைகளும் தேநீர் தருவார்கள், இவர்கள் அங்பாவ் தருவார்கள். ஐந்து வயதுப் பிள்ளை கிண்ணத்தை நடுங்கப் பிடித்து வரும், தம்பி அங்பாவின் எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். சடங்கு முடிந்தது என்று நினைத்து நிறைய பேர் இந்த நேரத்தில் பேட்டரி மாற்றப் போய்விடுகிறார்கள். பேட்டரியை இதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், கலகலப்பான படங்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

8. ஒரு பக்கம் தமிழ்க் குடும்பம் என்றால்

சீனப் பெண்ணும் தமிழ்ப் பையனும், அல்லது மாறி, இப்படிப்பட்ட கல்யாணங்கள் இங்கே நிறைய. கோயிலில் தாலி, வீட்டில் தேநீர், இரவில் விருந்து என்று நடக்கும். தமிழ்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கும் தேநீர் தருவார்கள். அவர்களில் பலருக்கு இது முதல்முறை. கிண்ணத்தை வாங்கியதும் எங்கே பார்ப்பது, எப்போது எழுவது என்று தயங்குவார்கள். உட்காரும் முன் தமிழில் மெதுவாகச் சொல்லிவிடுங்கள்: “பெரியம்மா, ரெண்டு கையாலயும் வாங்கிக் கொஞ்சம் குடிங்க, அவசரமில்ல.” இதைச் சொல்ல முடிவது உங்களுக்கு மட்டும் கிடைத்த வசதி.

குடித்து முடித்த பாட்டி தன் பழக்கத்தில் இருவர் தலையிலும் கை வைத்து ஆசி சொல்வார். எந்த அட்டவணையிலும் இல்லாத இந்தப் படத்துக்காகக் கேமராவைக் கொஞ்சம் மேலே, தலையும் கையும் முகமும் தெரியும் உயரத்தில் வைத்திருங்கள்.

9. குடும்பப் படங்கள்

தேநீர் முடிந்து பத்து நிமிடத்தில் எல்லாரும் சாப்பிடக் கலைந்துவிடுவார்கள். முதலில் முழுக் கூட்டத்தையும் எடுத்து, பிறகு கிளை கிளையாகக் குறையுங்கள். வீட்டுக்குள் இடம் போதாது. கார் நிறுத்தும் முன்தாழ்வாரத்தில், கூரையின் நிழலில் வெளிச்சம் சீராக இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு மாமாவைப் பிடித்து வையுங்கள். உங்கள் குரலைவிட அவர் குரலுக்கு மரியாதை அதிகம்.

10. இரவு விருந்து

மேசைக்குப் பத்துப் பேர். ஐம்பது மேசை என்றால் ஐந்நூறு பேர். அழைப்பிதழில் ஏழு என்றிருந்தால் எட்டுக்குத்தான் விளக்கு அணையும். காலையில் எடுத்த படங்களைத் தொகுத்து இங்கே திரையில் போடுவது பல தம்பதிகளின் ஆசை. ஒப்புக்கொண்டால் மதியம் மூன்று மணி நேரமாவது அதற்கு ஒதுக்க வேண்டும்.

மண்டபக் கூரை உயரமாக இருந்தால் ஃபிளாஷைக் கூரையில் அடித்துப் பயனில்லை. மேடையின் இரு ஓரமும் ஸ்டாண்டில் ஒவ்வொரு ஃபிளாஷ், மஞ்சள் விளக்கோடு ஒத்துப்போக ஆரஞ்சு ஜெல். மணமக்கள் நுழையும்போதும், முதல் உணவைப் பரிமாறுபவர்கள் வரிசையாக இசையோடு ஏந்தி வரும்போதும் நடைபாதை நடுவில் நிற்காமல் ஓரமாகக் குனிந்து எடுங்கள்.

பிறகு ‘யாம் செங்’. மேடையில் குடும்பமே கோப்பையைத் தூக்கி, மூச்சு இருக்கும்வரை ‘யாஆஆம்’ என்று இழுத்து, ‘செங்’ என்று முடிக்கும். மூன்று முறை. முதல் முறை மேடைக்குக் கீழிருந்து முகங்களை எடுங்கள், இரண்டாம் முறை மேடைக்குப் பின்னால் போய் மணமக்களின் முதுகோடு முழு மண்டபத்தையும் எடுங்கள், மூன்றாம் முறை மேசைகளுக்குள் போய்விடுங்கள். மூச்சு முடியும் கட்டத்தில்தான் முகங்கள் நன்றாக இருக்கும், தொடக்கத்திலேயே கார்டை நிரப்பாதீர்கள்.

மேசை மேசையாகப் போகும் படம் நீண்ட வேலை. மேசைக்கு ஒரு நிமிடம் என்றால் ஐம்பது மேசைக்கு ஐம்பது நிமிடம். பாதிப் பேரை எழுந்து மறுபாதிக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, எஃப் 5.6, ஃபிளாஷ், இரண்டு படம், நன்றி சொல்லி அடுத்தது. உதவியாளர் ஒருவர் ஒரு மேசை முன்னால் போய் ஆட்களைத் தயார் செய்தால் நேரம் பாதியாகும். காலையில் தேநீர் குடித்த பெரியவர்கள் எந்த மேசையில் இருக்கிறார்கள் என்று பார்த்து, முதலில் அங்கே போங்கள். ஒன்பது மணிக்கு மேல் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

உங்களுக்கும் ஒரு அங்பாவ் தருவார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கேயே பிரிக்காதீர்கள்.

11. கொடுக்கும்போது

வீட்டுக்குப் போனதும் தூங்கும் முன் இரண்டு இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். தேர்வு செய்யும்போது தேநீர்ச் சடங்கைத் தனிக் கோப்புறையாக, பட்டியலில் உள்ள வரிசையிலேயே, ஜோடியின் உறவுமுறைப் பெயரோடு பிரித்துக் கொடுங்கள். “மூன்றாவது அத்தை” என்று இருந்தால் அவர்கள் தேடாமல் அனுப்பிவிடுவார்கள். ஒரு பெரியவரின் கண் மூடிய படம் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்தால் முன்பின் படங்களையும் பார்த்து, கிடைத்ததில் நல்லதைச் சேர்த்துவிடுங்கள். யாரையும் விட்டுவிடக்கூடாது. பட்டியலையும் கோப்புறையையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்த பிறகே இணைப்பை அனுப்புங்கள். தாத்தா பாட்டி இருக்கும் குடும்பத்துக்கு அவர்கள் தேநீர் குடிக்கும் படத்தில் ஒன்றைப் பெரிய அளவில் அச்செடுத்து, ஆல்பத்துக்குக் காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.